பொந்துக் கணக்கு

காட்டுமரம் ஒன்றின் தண்டில், தரையிலிருந்து ஐம்பது அறுபது அடி உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாய் பூசி அடைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் செங்குத்தாக ஒரு கீறல் மட்டும் மிச்சம். கீறலுக்குள்ளிருந்து மஞ்சள் அலகின் நுனி வெளியே நீள்கிறது. தண்டைப் பற்றிக்கொண்டு வெளியே நிற்கும் இன்னொரு பறவை, தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை மேலே கொண்டுவந்து அந்த நுனியில் வைக்கிறது. பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று.

உள்ளே இருப்பது பெண், வெளியே நிற்பது ஆண். பறவையின் பெயர் பெரிய இருவாச்சி. மலைமொங்கான் என்றும் சொல்வார்கள். முதன்முதலாகப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை உள்ளே வைத்துப் பூட்டியது யார்?

ஆண்தான் என்பது வெகுகாலம் புழங்கிய விடை. ஜோடி ஓடிவிடக் கூடாது என்று சிறை வைத்திருக்கிறதாம். அந்தக் காலத்து இயற்கையியலாளர்கள் சிலரும் அப்படியே நம்பினார்கள். கூட்டுக்கு எதிரே மறைவிடம் கட்டி, நாள்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் கதை தலைகீழானது. பூசுகிற வேலையில் பெரும்பகுதி பெண்ணுடையது, அதுவும் உள்ளேயிருந்து. தன் எச்சம், பழச்சக்கை, பொந்தின் அடியில் கிடக்கும் மக்கிய மரத்தூள் எல்லாவற்றையும் சேர்த்து, அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டி விளிம்பில் ஒட்டுகிறது. சில நாளில் காய்ந்து இறுகிவிடும். சிறைக்குள் போனதும் கதவைச் சாத்தியதும் அதுவேதான்.

1861-62இல் சுமத்திராவில் இருந்த ஆல்பிரட் ரசல் வாலசுக்கு இந்த அதிசயம் நேரில் கிடைத்தது. அவருடைய வேட்டையாட்கள் ஓர் ஆண் இருவாச்சியைச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். அது பொந்துக்குள் இருந்த பெண்ணுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்த நேரம். வாலஸ் அந்த மரத்துக்கே போய், ஆளை ஏற்றி, பூச்சை உடைக்கச் சொன்னார். உள்ளே தாயும் ஒரு குஞ்சும் இருந்தன. இறகு ஒன்றுகூட இல்லாமல், தோல் கண்ணாடித்தன்மையோடு, உப்பிக் கிடந்த அந்தக் குஞ்சைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். இன்று அப்படி ஒரு கூட்டை உடைத்துப் பார்க்க எந்த ஆய்வாளரும் துணியமாட்டார். அன்றைக்கு அறிவு வளர்ந்த விதம் அது.

பறவையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தலை முதல் வால் நுனி வரை ஒரு மீட்டருக்கு முன்பின். எடை 2 முதல் 4 கிலோ. கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து, வெள்ளை வாலில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. வாலருகே உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து இறகுகளில் பூசிக்கொள்வதால் கழுத்தும் சிறகின் வெள்ளைப் பட்டையும் மஞ்சளாகத் தெரியும். ஒப்பனை போட்டுக்கொள்ளும் பறவை என்று சொன்னால் தப்பில்லை. ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெளுப்பு. அலகின் மேலே இன்னொரு அலகு கவிழ்ந்ததுபோல ஒரு புடைப்பு இருக்கிறது. அதை அலகுத்தொப்பி என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் பாரமாகத் தோன்றினாலும் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். அப்படியும் இவ்வளவு பெரிய தலையைத் தாங்க வேண்டுமே. அதற்காக இருவாச்சிக் குடும்பத்தில் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன.

பறக்கும்போது எழும் இரைச்சல் தனி. பறப்பு இறகுகளின் அடிப்பகுதியை மூடவேண்டிய சிற்றிறகுகள் சிறகின் கீழ்ப்புறத்தில் சரியாக மூடுவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் காற்று அந்த இடைவெளிகளில் சீறிப் பாய்கிறது. காட்டுக்குள் பறவை கண்ணில் படுவதற்கு வெகு முன்பே சத்தம் வந்துவிடும்.

அலகுத்தொப்பி பிறவியிலேயே வருவதில்லை. குஞ்சுக்கு அது இருக்காது. ஆண்டுகள் பல கடந்துதான் முழு உருவம் எடுக்கும். இப்படிப்பட்ட விவரங்களுக்கு வளர்ப்புப் பறவைகள் உதவின. இந்தியாவில் அவற்றில் புகழ்பெற்றது வில்லியம். 1894இல் கார்வார் பக்கமிருந்து குஞ்சாக பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வந்து, 1920 வரை அங்கேயே வாழ்ந்தது. ஒரு மதுபான வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் கழகம் இயங்கிய காலம் அது; செயலாளர் மில்லர்டின் நாற்காலிக்குப் பின்னால்தான் வில்லியமின் இடம். 1908இல், தான் சுட்ட சிட்டுக்குருவி என்ன இனம் என்று கேட்டு சிறுவன் சாலிம் அலி அந்தக் கழகத்தின் படியேறியபோதும் வில்லியம் உயிரோடு இருந்தது. கழகத்தின் சின்னத்தில் இன்றும் இருப்பது பெரிய இருவாச்சிதான்.

இனி மலைக்கு வருவோம். போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி என்றதும் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீதான் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தச் சரிவு ஏன் அப்படிப் பற்றியது என்பதற்கும், இருவாச்சி எங்கே வாழ்கிறது என்பதற்கும் காரணம் ஒன்றே. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமிருந்து மலையேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி போடிநாயக்கனூர்ப் பக்கம் இறங்கும்போது காற்றில் மிச்சமிருப்பது கொஞ்சமே. இதை மழைமறைவு என்பார்கள். அதனால்தான் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் வழியின் கீழ்ச்சரிவுகளில் கோடையில் காய்ந்து கிடக்கும் புல்லும் வறண்ட மரங்களும். ஓடையோர மடிப்புகளிலும் மேலே போகப் போகவும்தான் பசுமை மாறாத மரங்கள் கூடுகின்றன. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிப் பக்கம் இறங்கியதும் இந்தச் சரிவில்தான். 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது.

பெரிய இருவாச்சி ஈரக்காட்டுப் பறவை. வறண்ட அடிவாரத்தில் அதைத் தேடுவது வீண். அதற்கு வேண்டியது முகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோன்ற பசுமைமாறாக் காடு. வடக்கே ஆனைமலையும் தெற்கே மேகமலையும் அத்தகைய இடங்கள். ஏலமலைத் தோட்டங்களின் நிழல்மரங்களில் அதிகம் எதிர்ப்படுவது சிறிய உறவினரான மலபார் சாம்பல் இருவாச்சி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. தலையில் தொப்பி இல்லை. ஆள் யாரோ உரக்கச் சிரிப்பதுபோலக் கூவும். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர் திரும்பிப் பார்ப்பார். உருவம் வேறானாலும் இதுவும் பொந்தில் பூட்டிக்கொள்ளும் ஜாதியே.

ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும்? உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட இருவாச்சி இனங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் தரையில் நடக்கும் இரண்டு இனங்களைத் தவிர மற்றவை எல்லாம் வாயிலைப் பூசுகின்றன. இவ்வளவு பரவலான பழக்கத்துக்கு வலுவான பயன் இருந்தாக வேண்டும்.

எளிதில் தோன்றும் விடை பாதுகாப்பு. மரநாயோ உடும்போ குரங்கோ வந்தால் கீறல் வழியே உள்ளே நுழைய முடியாது. நுழைக்கும் மூக்குக்கோ கைக்கோ கூர் அலகின் குத்து காத்திருக்கும். இரண்டாவது விடை, போட்டி. நல்ல பொந்துக்கு வேறு இருவாச்சி ஜோடிகளும் அலைகின்றன; கூட்டருகே வந்து எட்டிப்பார்ப்பதையும் சண்டையிடுவதையும் ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். மூன்றாவது விடைதான் சுவையானது. உள்ளே இருக்கும் பெண் ஒரு கவளத்துக்கும் ஆணையே நம்பியிருக்கிறது. அந்தக் காலத்தில் அது சிறகிறகுகளையும் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. வெளியே வந்தாலும் சரியாகப் பறக்க முடியாது. இந்த நிலையில் ஆண் இன்னொரு கூட்டுக்கும் இரை சுமப்பது நடக்காத காரியம். தன் உழைப்பு தன் குஞ்சுக்குத்தான் போகிறது என்ற உறுதி ஆணுக்கும் கிடைக்கிறது.

இந்த மூன்றாவது ஊகத்தைச் சோதிக்க முடியுமா? ஒரு பக்கத்தைச் சோதித்திருக்கிறார்கள். நமீபியாவில் மோன்டெய்ரோ இருவாச்சி என்ற இனத்தின் கூடுகளில் குஞ்சுகள், தாய், இரை கொண்டுவரும் ஆண் ஆகியவற்றின் மரபணுவை ஒப்பிட்டு 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. வெளியாள் வாரிசு ஒன்றுகூட அகப்படவில்லை. ஜோடியாக வாழும் பல பாட்டுப் பறவைகளில் இதே சோதனை செய்தபோது, வேறு ஆணுக்குப் பிறந்த குஞ்சுகள் கணிசமாகவே கிடைத்தன என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம். ஆனால் பூட்டியதால் ஒழுக்கம் வந்ததா, ஒழுக்கம் இருந்ததால் பூட்டிக்கொள்ளும் துணிச்சல் வந்ததா என்பதை மரபணு சொல்லாது. ஒரே ஒரு காரணத்தைத் தேடுவதே தவறான பாதையாக இருக்கலாம். பகைவனுக்காகத் தொடங்கிய கதவு போட்டியாளனுக்கும் பயன்பட்டிருக்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த அடைப்பு சுமார் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கும். ஒன்று அல்லது இரண்டு முட்டை. அடைகாத்தல் சுமார் 40 நாள். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் பிழைத்துப் பறக்கும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவது உண்டு. அப்போது நடப்பதுதான் வேடிக்கை: தனியாக விடப்பட்ட குஞ்சு, யாரும் கற்றுக்கொடுக்காமலே, உடைந்த வாயிலைத் தானே உள்ளிருந்து மறுபடி பூசிக்கொள்கிறது. மொத்தத்தில் நான்கு மாதம். பெருமழை பிடிப்பதற்கு முன் கணக்கு முடிந்துவிடும்.

நான்கு மாதமும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

ஆனைமலையில் 1990களின் தொடக்கத்தில் ரகுபதி கண்ணன் பெரிய இருவாச்சியின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார். கூடுகளைக் கண்டுபிடிக்கக் காடர் பழங்குடியினரின் காட்டறிவு துணை நின்றது. பின்னர் அதே மலையில் திவ்யா முடப்பா சாம்பல் இருவாச்சியை ஆராய்ந்தார். இவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று மிக எளிமையானது: கூட்டுக்குக் கீழே குப்பை பொறுக்குவது. உள்ளே இருக்கும் பறவை எச்சத்தைக் கீறல் வழியே பீச்சி வெளியேற்றும். பெரிய கொட்டைகளைக் கக்கி எறியும். எல்லாம் மரத்தடியில் விழும். அவற்றைச் சேகரித்து எண்ணினால் வீட்டுக்கு என்னென்ன வாங்கி வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். எச்சத்தில் வராத மெல்லிய சதைப்பழங்களும் பல்லி, நண்டு, பிற பறவைகளின் குஞ்சு போன்ற இரைகளும் கணக்கில் குறைவாக விழக்கூடும். அதனால் மறைவிடத்திலிருந்து நேரடியாகப் பார்த்தும் சரிபார்க்க வேண்டும்.

முதலிடம் அத்திக்கு. கொழுப்புச் சத்துக்கு இலவங்கக் குடும்பத்து மரங்களின் பழங்கள், காட்டு ஜாதிக்காயின் சிவந்த பத்திரி, கருங்குங்கிலியம், வெள்ளகில். குஞ்சு பொரித்தபின் புரதத்துக்கு உயிரிரை.

அத்திக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? மற்ற மரங்கள் ஒரு பருவத்தில் பழுத்து ஓய்ந்துவிடும். அத்தி மட்டும் ஆண்டு முழுவதும் காட்டில் எங்காவது ஒரு மரத்தில் பழுத்திருக்கும். இதற்குக் காரணம் பறவையல்ல, ஒரு குளவி. அத்திக்காயின் பூக்கள் உள்ளே இருக்கின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு குளவிதான் உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் தனிக் குளவி இனம். வெளியே வரும் பெண் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாளே. அதற்குள் சரியான பருவத்தில் இருக்கும் வேறொரு மரத்தை அடைந்தாக வேண்டும். எல்லா மரமும் ஒரே மாதத்தில் காய்த்தால் அடுத்த தலைமுறைக் குளவிக்குப் போக்கிடமில்லை. குளவி அழிந்தால் அத்தியும் அழியும். போடி வட்டாரத்து வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளலாம். ஒரே கிழமையில் எல்லா ஊரிலும் சந்தை கூடினால் வியாபாரிக்கு மற்ற ஆறு நாளும் வேலையில்லை. ஊருக்கு ஒரு கிழமை என்று பிரிந்திருப்பதால்தான் அவர் சுற்றிவருகிறார். குளவிக்காக மரங்கள் இப்படிப் பிரித்துக்கொண்ட முறையில் ஆதாயம் அடைவது இருவாச்சி. வேறு பழமே இல்லாத மாதத்திலும் அதற்கு எங்கோ ஒரு சந்தை திறந்திருக்கும். ஆனால் அந்தச் சந்தை எங்கே என்று தேடிப் பறக்கப் பெரும் பரப்புக் காடு வேண்டும்.

பதிலுக்குப் பறவை விதை பரப்புகிறது. சிறு பறவைகளின் வாயில் நுழையாத பெரிய கொட்டைகளை விழுங்கக்கூடிய பறவைகள் காட்டில் அதிகமில்லை. அருணாச்சலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தில் அபராஜிதா தத்தா, ரோகித் நானிவடேகர் ஆகியோரின் குழு இருவாச்சிகளின் முதுகில் தடமறி கருவி பொருத்தியது. பறவை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது, விதை வயிற்றில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற இரண்டையும் சேர்த்தால் விதையின் பயணம் தெரியும். பெரும்பாலானவை சில நூறு மீட்டருக்கு அப்பால், சிலவோ பல கிலோமீட்டருக்கு அப்பால். இதில் ஒரு சங்கடமும் உண்டு. கூடு காக்கும் பருவத்தில் ஆண் கொண்டுவரும் விதைகளில் ஏராளமானவை ஒரே மரத்தடியில் குவிகின்றன. நெருக்கியடித்து முளைக்கும் கன்றுகளில் மிகச் சிலவே பிழைக்கும். நல்ல தகப்பன் அந்த நான்கு மாதமும் சுமாரான விதைபரப்பி.

உணவைத் தேடிப் பறந்துவிடலாம். பொந்தை அப்படித் தேடிக்கொள்ள முடியாது, கட்டிக்கொள்ளவும் முடியாது. இவ்வளவு பெரிய அலகு இருந்தும் இருவாச்சியால் மரத்தைத் துளைக்க இயலாது. மரங்கொத்தி போடும் துளை அதற்குப் போதாது. புயலில் கிளை முறிந்து, காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து, வெளிமரம் உயிரோடு இருக்க உள்வைரம் மட்டும் மெல்ல மக்கி, வாய் பறவை நுழையும் அளவுக்கு விரிய வேண்டும். 3 கிலோ பறவையும் ஒரு குஞ்சும் அடங்கும் அறை என்றால் மரத்தின் சுற்றளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளலாம். அத்தகைய மரம் பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டும் கடந்த கிழமரம். அதிலும் தளம் வாயிலுக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். அதிகம் தாழ்ந்தால் உள்ளிருக்கும் பறவைக்கு அலகு கீறலை எட்டாது. ஏற்ற பொந்து கிடைத்தால் அதே பொந்துக்கு ஆண்டு தவறாமல் திரும்பி வருவது இதனால்தான்.

பிலாய் பூன்ஸ்வாட் தலைமையில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவரும் தாய்லாந்துக் குழு இந்தக் கணக்கை வேறு கோணத்தில் போட்டது. மரங்கள் இருந்தும் சில பொந்துகள் ஏன் கைவிடப்படுகின்றன என்று ஏறிப் பார்த்தார்கள். சிலவற்றில் உள்தளம் மக்கிச் சரிந்து ஆழமாகிவிட்டிருந்தது. சிலவற்றில் பட்டை வளர்ந்து வாய் குறுகியிருந்தது. உள்ளே மண் போட்டுத் தளத்தை உயர்த்தினார்கள், வாயைச் செதுக்கி விரித்தார்கள். பறவைகள் திரும்பி வந்து அடைகாத்தன. உணவு குறைவாலோ வேட்டையாலோ மட்டுமல்ல, இடம் இல்லாததாலும் இனப்பெருக்கம் தடைப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பெரிய இருவாச்சியை அழிய வாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது. வேட்டையைத் தடுப்பதில் சில நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. பக்கேயில் நிஷி மக்களின் தலைப்பாகையில் உண்மையான இருவாச்சி அலகுக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் செய்த அலகு வந்தது. ஊராரே கூடு காக்கும் திட்டம் நடக்கிறது. கேரளத்தின் வாழச்சாலில் முன்பு கூட்டிலிருந்து குஞ்சு எடுத்த காடர்கள் இப்போது வனத்துறையோடு சேர்ந்து கூடுகளைக் கண்காணிக்கிறார்கள்.

ஏலமலையில் கேள்வி வேறு. ஏலம் நிழலில் வளரும் பயிர். அதனால் காட்டை முழுக்க வெட்டாமல் கீழே மட்டும் வெறுமையாக்கிப் பயிரிட்ட தோட்டங்களில் பழைய காட்டுமரங்கள் இன்னும் நிற்கின்றன. ஆண்டுதோறும் மழைக்கு முன் நிழலை அளவாக்க மரக்கவாத்து நடக்கும். எந்தக் கிளையை வெட்டுவது, எந்த மரத்தை அப்புறப்படுத்துவது என்ற முடிவு அப்போது எடுக்கப்படுகிறது. உள்ளே மக்கிய கிழமரம் ஏலச்செடி மேல் விழுந்துவிடும் என்ற அச்சத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுவாகவே இருக்கும். தோட்டக்காரரின் அச்சம் நியாயமானது; பறவையின் பார்வையில் அந்த ஒரு மரம்தான் வீடு. பதிலுக்கு வேகமாக வளரும் சில்வர் ஓக் நட்டால் நிழலும் மிளகுக்கொடிக்குத் தாங்கலும் கிடைக்கும். பழமும் கிடைக்காது, பொந்தும் கிடைக்காது.

தோட்டத்தில் இருவாச்சி வாழவே முடியாது என்பதும் சரியல்ல. வால்பாறை வட்டாரத்துக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பெரிய இருவாச்சி கூடு கட்டுவதை பூஜா பவார், திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோர் ஆராய்ந்திருக்கிறார்கள். நாட்டுமரங்கள் நிற்கும் நிழல் தோட்டமும் அருகே மிஞ்சிய காட்டுத்துண்டும் சேர்ந்தால் பறவை தாக்குப்பிடிக்கிறது. நிழலுக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மரமான மேசாப்சிசின் பழத்தையும் அது விட்டுவைப்பதில்லை. அந்த அந்நிய மரத்தின் விதையும் அதன் வயிற்றில் ஏறிக் காட்டுக்குள் போகிறது என்பது இன்னொரு தலைவலி.

வால்பாறையில் சிதைந்த காட்டுத்துண்டுகளில் நாட்டுமரக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டுவருகிறார்கள். அத்தி, இலவங்கக் குடும்பக் கன்றுகள் சில ஆண்டுகளில் பழம் கொடுக்கத் தொடங்கலாம். அதே நாளில் நட்ட வெள்ளகில் பருத்து, கிளை முறிந்து, வைரம் மக்கி, ஒரு பெண் இருவாச்சி உள்ளே புகுந்து வாயிலைப் பூசுவதற்கு இரண்டு மூன்று மனிதத் தலைமுறையாவது ஆகும். அதுவரைக்கும் கணக்கில் வரவு வைக்க இருப்பது, இப்போது நிற்கிற கிழமரங்கள் மட்டுமே. ஏலத்தோட்டத்துக் கவாத்துப் பட்டியலில் அவற்றுக்கு ஒரு சுண்ணாம்புக் குறி போட்டு ஒதுக்கி வைக்கச் செலவு ஏதுமில்லை.